தடைக்கு உள்ளானது இந்த நாடகம் அல்ல

ஆஸ்திரிய நாடகாசிரியர் ஆர்தர் ஷ்னிட்ஸ்லரின் ‘ட்ஸ்விஷன்ஷ்பீல்’ நாடகம் ஒழுக்கக்கேடானது என்று வியன்னாவில் தடை செய்யப்பட்டதாகவும், கட்டற்ற மணவாழ்வைக் கொண்டாடி இன்பமாக முடிவதாகவும் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்; இரண்டுமே சரியல்ல.

தடையும் வழக்கும் இதே ஆசிரியரின் ‘ரைகன்’ நாடகத்துக்கு நேர்ந்தவை. 1921இல் வியன்னாவில் கலவரத்தால் நிறுத்தப்பட்டது அதுதான். ‘ட்ஸ்விஷன்ஷ்பீல்’ 1905 அக்டோபரில் வியன்னாவில், ஆஸ்திரியப் பேரரசின் அரசவை அரங்கான பூர்க்தியேட்டரிலேயே அரங்கேறி, 1908இல் கிரில்பார்ட்ஸர் பரிசு என்னும் நாடக விருதையும் பெற்றது. பெயர் குழம்புவது இயல்புதான் என்றாலும், பரிசு பெற்ற நாடகத்தைத் தடையுண்டதாகச் சொல்வது கொஞ்சம் அதிகம்.

முடிவைப் பற்றிய கூற்றுதான் கூடுதலாகத் தவறான எண்ணத்தைத் தருகிறது. இசைநடத்துநர் அமதேயுஸும் பாடகியான அவர் மனைவி செசிலியும், ஒளிவுமறைவின்றி ஒருவருக்கொருவர் உண்மை பேசி, அவரவர் விருப்பப்படி வாழ்ந்து, நண்பர்களாகத் தொடர்வதென உடன்படுகிறார்கள். ஆனால் பெர்லினில் பாடிவிட்டு மனைவி திரும்பியதும், அதுவரை பெருந்தன்மை பேசிய கணவருக்கே பொறாமை மூண்டு, அவளை விரும்பும் இளவரசர் சிகிஸ்முண்டோடு துவந்த யுத்தத்துக்கே துணிகிறார். அந்த இளவரசரோ, மணவிலக்கு கொடுத்தால் செசிலியை மணந்துகொள்கிறேன் என்று நேரில் வந்து மரியாதையாகக் கேட்கிறார்; நகைச்சுவையின் உச்சம் அந்தக் காட்சிதான். சந்தேகம் தீர்ந்து மீண்டும் சேர்ந்து வாழலாம் என்று கணவர் கெஞ்சும்போது மனைவி இணங்குவதில்லை; இருவரும் பிரிகிறார்கள்.