டேடோனாவுக்குப் போர்வை எதற்கு?

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஃபெராரி டேடோனா எஸ்பி3 கார் விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்தேன். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஓடிய தூரம் இரண்டு இலக்கம். அதைப் பெருமையாக முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். வயிறு எரிந்தது. வாங்க முடியாத வயிற்றெரிச்சல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கொஞ்சம் உண்டு.

முதலில் காரைப் பற்றி நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் இத்தாலியின் முஜெல்லோ பந்தயத் தளத்தில் அறிமுகமானது. மொத்தம் 599 கார்கள். அப்போது விலை கிட்டத்தட்ட 20 லட்சம் யூரோ. டர்போ கிடையாது, மின்மோட்டார் ஒட்டு கிடையாது. முதுகுக்குப் பின்னால் 6.5 லிட்டர் வி12 இன்ஜின், 840 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,500 சுற்று வரை ஏறும். இந்தக் காலத்தில் இப்படி ஒரு இன்ஜினைப் போட்டதற்கே தனியாகக் கும்பிட வேண்டும். எனக்கு அதைவிடப் பிடித்தது சீட். அது நகராது. காரின் உடம்போடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள், பழைய ரேஸ் கார்களில் இருந்த மாதிரி. நீங்கள் குட்டையா நெட்டையா என்பது சீட்டுக்குக் கவலையில்லை. பெடலும் ஸ்டீயரிங்கும்தான் உங்களைத் தேடி வரும். பின்பக்கம் முழுக்க ஷட்டர் மாதிரி குறுக்குப் பட்டைகள். பக்கக் கண்ணாடிகள் கதவில் இல்லை, முன் சக்கரத்துக்கு மேலே நிற்கின்றன. வரைந்தவர்களுக்கு அந்தக் காலத்து கார்கள்மேல் உண்மையான காதல் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் சண்டை அந்தப் பெயரோடுதான்.

அந்தப் பெயர் வந்த கதை இது: 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேடோனாவில் நடந்த 24 மணி நேரப் பந்தயம். அதற்கு முந்தின வருடம்தான் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபோர்டு முதல் மூன்று இடத்தையும் பிடித்து ஃபெராரியின் மூக்கை உடைத்திருந்தது. பதிலுக்கு ஃபெராரி அமெரிக்காவுக்கே போய், ஃபோர்டின் வாசலிலேயே முதல் மூன்று இடத்தையும் அள்ளியது. கடைசியில் 23, 24, 26 என்று மூன்று கார்களும் ஒன்றாகச் சேர்ந்து கோட்டைத் தாண்டுகிற அந்தப் படத்தைப் பார்க்காத கார் பைத்தியம் இருக்க முடியாது. வென்ற 23ஆம் எண் காரை ஓட்டியவர்கள் லொரென்சோ பாண்டினியும் கிறிஸ் ஏமனும். (ஃபோர்டு கார்களின் கியர்பாக்ஸ் தண்டுகள் சரியாகப் பதப்படுத்தப்படாமல் ஒன்றன் பின் ஒன்றாக முறிந்ததும் இந்த வெற்றிக்கு ஒரு காரணம். அதை ஃபெராரி ரசிகர்கள் சொல்ல மாட்டார்கள். நான் சொல்லிவிடுகிறேன்.)

சரி, அப்புறம் அந்த கார்களுக்கு என்ன ஆயிற்று?

மே மாதம் மொனாக்கோ கிராண்ட் பிரீயில் பாண்டினியின் கார் கவிழ்ந்து தீப்பிடித்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார். ஜூனில் லெ மான்ஸில், டேடோனாவில் வென்ற அதே கார், டயர் பஞ்சராகி, தீப்பிடித்து எரிந்தது. ஓட்டிக்கொண்டிருந்த ஏமன் தப்பித்தார். 1968 முதல் இந்த வகை கார்களுக்கு இன்ஜின் 3 லிட்டருக்குமேல் கூடாது என்று விதி வந்தது. டேடோனாவில் ஓடிய ஃபெராரியின் 4 லிட்டர் பி4 ரகம் ஒரே சீசனில் வேலையில்லாமல் நின்றது. ஃபெராரி கண்ணீர் விட்டுக்கொண்டு அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. பி4 கார்கள் இரண்டைக் கூரையை வெட்டி எடுத்து, கனடாவிலும் அமெரிக்காவிலும் நடக்கும் கேன்-ஆம் பந்தயத்துக்கு மாற்றி அனுப்பியது. அவர்களுக்கு அது வேலை செய்ய வேண்டிய பொருள். தேய்ந்தால் மாற்றுவார்கள், உடைந்தால் அடுத்ததைச் செய்வார்கள்.

அந்த காரின் பேரன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் ஏசி போட்ட கிடங்கில் போர்வைக்குள் படுத்திருக்கிறான். சக்கரம் சுற்றினால் விலை குறையும் என்று பயம். தாத்தாவின் மூக்கும் முழியும் அப்படியே இருக்கிறது, வெயிலில்தான் விடமாட்டேன் என்கிறார்கள்.

இதில் வாங்குபவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. காசிருந்தால் போய் வாங்கிவிடக்கூடிய கார் இல்லை இது. ஏற்கெனவே கம்பெனியோடு நல்ல உறவில் இருக்கிற, வீட்டில் பல ஃபெராரி வைத்திருக்கிற ஆட்களைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். இருபது கார் வைத்திருப்பவர் இருபத்தோராவதை எப்போது ஓட்டுவார்? 599 என்று எண்ணிக்கையைப் பூட்டிவிட்டார்கள் என்று நினைத்தால், 2025 ஆகஸ்டில் 600ஆவது ஒன்று ஏலத்துக்கு வந்தது. 2 கோடியே 60 லட்சம் டாலருக்குப் போயிற்று. பணம் கல்வி அறப்பணிக்கு என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன்.

"உனக்குக் கிடைத்திருந்தால் நீ மட்டும் தினமும் ஓட்டுவாயா?" என்று யாராவது கீழே கேட்கத்தான் போகிறீர்கள். தெரியவில்லை. ஒரு கீறல் விழுந்தால் ஒரு வாரம் சாப்பிட மாட்டேன், அந்த அளவுக்குத்தான் என் தைரியம். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் உறையை முதல் நாளே கிழித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஊர் எழுவதற்கு முன், ஒரு தடவையாவது 9,500 வரை மிதித்துவிட்டுத்தான் போர்வையைப் போடுவேன்.