சேவைக்கு எதுக்குச் சம்பளம்னு கேட்ட அண்ணாச்சிக்கு

பாளையங்கோட்டை விழாவுல அந்த அண்ணாச்சி பேசின வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. "சமூகப்பணியைப் படிச்சுத்தான் செய்யணுமா? மனசு இருந்தா போதும். சேவைக்கு எதுக்குச் சம்பளம்?" கீழ இருந்ததெல்லாம் எம்.எஸ்.டபிள்யூ.ங்கிற சமூகப்பணி மேல்படிப்புல சேரலாமான்னு யோசிக்கிற புள்ளைக. அதுக்குக் கைதட்டு வேற.

சம்பளம் வேணும் அண்ணாச்சி. இது வேலை. ஒரு டிகிரி முடிச்சு, மேல ரெண்டு வருசம் படிச்சு, ஆஸ்பத்திரி, காப்பகம், கிராமம்னு பீல்டு ஒர்க்குக்கு அலைஞ்சு கத்துக்கிற வேலை. 1936-லயே பம்பாயில இதுக்குன்னு கல்லூரி வந்தாச்சு, 1952-ல சென்னையில.

படிக்கும்போது முக்கூடல் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். பத்தாங்கிளாஸ் புள்ளைக்குக் கல்யாணப் பேச்சு. மடியில சுளகை வச்சுப் பீடி சுத்திக்கிட்டிருந்தா. தலை நிமிரல, கை நிக்கல. மனசு எனக்கும் இருந்துச்சு. அவ அப்பாகிட்ட அங்கேயே சண்டைக்குப் போயிருப்பேன். கூட வந்த சமூகப்பணியாளர் அக்கா ஒரு கேள்வியும் கேக்காம, பக்கத்துல உக்காந்து வெட்டின இலையை எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. ரொம்ப நேரங்கழிச்சு அவளே வாயைத் திறந்தா. அப்புறந்தான் குழந்தைகள் உதவி எண் 1098, குழந்தைகள் நலக் குழு, அறிக்கை, அந்த வீட்டுக் கடன் யாருகிட்டன்னு விசாரணை எல்லாம். அந்தப் பொறுமை படிச்சு, பழகி வந்தது.

"2023-ல நம்ம திருநெல்வேலிப் பக்கம் வந்த வெள்ளத்துல சோறு பொங்கிக் கொண்டுவந்தவங்க சம்பளமா கேட்டாங்க?"ன்னு சிலபேரு கேப்பீங்க. அவங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன். தண்ணி வடிஞ்சதும் அவங்கவங்க பொழப்பைப் பாக்கப் போனாங்க, போகத்தான் வேணும். ரேஷன் கார்டும் பட்டாவும் சகதியில போன ஆச்சியைக் கூட்டிக்கிட்டுத் தாலுகா ஆபீஸுக்கு மாசக்கணக்கா யாரு நடப்பா? அது ஒருத்தருக்கு முழுநேர வேலையா இருந்தாத்தான் நடக்கும்.

"தொண்டு நிறுவனத்துல இருந்து வர்றவங்க புராஜெக்ட் முடிஞ்சா ஓடிருதாங்களே"ன்னும் கேப்பீங்க. நெசந்தான். ஒப்பந்தம் முடிஞ்சா வீட்டு வாடகைக்கு என்ன செய்வாங்க? அதுக்கும் பதில் சம்பளந்தான்.

டாக்டரை, வாத்தியாரை யாரும் "காசுக்கா வந்தே?"ன்னு கேக்கல. என்னைய எங்க சொந்தத்துலயே கேட்டாங்க. "மக என்ன வேலை பாக்கா?"ன்னு கேட்டா எங்க அம்மா "ஆஸ்பத்திரியில"ன்னு மட்டும் சொல்லி நிறுத்திருவாங்க. பொம்பளைப் புள்ளைக நிறையப் பாக்கிற வேலைன்னா அதுக்குச் சேவைன்னு பேரு வச்சுச் சம்பளத்தை மறந்துருதீங்க. வீட்டுக்குள்ள அப்படித்தானே நடக்கு, அதையே வெளியிலயும் செய்யுதீங்க.

அந்தக் கூட்டத்துல இருந்த புள்ளைகளா, படிங்க. சேரும் முன்னால பீல்டு ஒர்க்குக்கு எங்க அனுப்புவாங்க, யாரு கூட இருந்து சொல்லிக்குடுப்பான்னு கேளுங்க. வேலைக்குப் போற இடத்துல முதல் நாளே சம்பளத்தைக் கூச்சப்படாமப் பேசுங்க.