‘வேல்ஸ் இளவரசர்’ பட்டம் தானாக வராது

பிரிட்டனில் சார்லஸ் மன்னரான நொடியிலேயே அவர் மூத்த மகன் வில்லியம் ‘வேல்ஸ் இளவரசர்’ ஆகிவிட்டார், பட்டத்து வாரிசுக்கு அது பிறப்புரிமை என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

தானாக வருவது ‘கார்ன்வால் கோமகன்’ பட்டம்தான். அரியணையில் இருப்பவரின் மூத்த மகன், அடுத்த வாரிசாகவும் இருந்தால் அது அவரிடம் வந்துவிடும். ‘வேல்ஸ் இளவரசர்’ பட்டத்தை மன்னரோ அரசியோ பார்த்துக் கொடுக்க வேண்டும். எப்போது என்பது அவர்கள் இஷ்டம்.

சார்லஸையே பாருங்கள். 1952-இல் தாய் எலிசபெத் அரசியானதும், மூன்று வயதிலேயே அவர் கார்ன்வால் கோமகன். வேல்ஸ் பட்டத்துக்கு 1958 ஜூலை வரை காத்திருந்தார். பலரும் படத்தில் பார்க்கும் கேர்னார்வன் கோட்டைப் பட்டமேற்பு விழா 1969-இல் நடந்தது. அது சடங்கு மட்டுமே, பட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது.

வில்லியமுக்கு அப்படிக் காத்திருப்பு இல்லை. அரசி மறைந்த மறுநாள், 2022 செப்டம்பர் 9-இல், சார்லஸ் தொலைக்காட்சி உரையிலேயே அறிவித்துவிட்டார். குழப்பத்துக்கு இந்த வேகமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்புறம், இந்தப் பட்டம் இல்லாமல் மன்னராக முடியாது என்பதும் கதைதான். 1936-இல் முடிதுறந்த அண்ணனுக்குப் பதில் அரியணை ஏறிய ஆறாம் ஜார்ஜ் அதுவரை யார்க் கோமகனாகத்தான் இருந்தார்.