பதினொன்றாம் தேதி என்ன செய்வது?

இந்தியா பாகிஸ்தான் சண்டை நடந்த 2025 மே 8 ராத்திரி, காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் டீக்கடையில் கராச்சித் துறைமுகம் விழுந்துவிட்டது. டிவியில் சொன்னான், நாங்களும் நம்பினோம்; பிறகுதான் பொய் என்று தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா ஒருவர் மட்டும் வாயே திறக்கவில்லை. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பத்தாம் தேதி சண்டை நிறுத்தம் என்று செய்தி வந்த பிறகு கேட்டார்: "அடிச்சது சரிதான் மாப்ளே. பஹல்காம்ல 26 பேரைக் கொன்னவனை விடக்கூடாது. ஆனா பதினொண்ணாந்தேதி என்ன செய்யப் போறோம்?"

என்னைக் கேட்டால், பயங்கரவாதிகளுக்குப் பணம் வருகிற கணக்கைத் தோண்ட வேண்டும். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் வேறென்ன சொல்வான் என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

2008 மும்பைத் தாக்குதலில் 166 பேர் செத்தார்கள். பாகிஸ்தானில் உட்கார்ந்துகொண்டு இங்கே சுடு, அங்கே கொளுத்து என்று பேசினார்களே, அந்த இணையத் தொலைபேசி இணைப்புக்குத் தாக்குதலுக்கு முந்தின நாள் கட்டிய பணம் 229 டாலர். கட்டிய இடம் இத்தாலியில் பிரெசியா. அந்த ரசீதைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருஷம் கழித்து இரண்டு பேரைக் கைது செய்தது இத்தாலி போலீஸ். குண்டு போட்டுக் கிடைக்கிற தகவல் இல்லை இது.

இன்னொன்று. 2018 ஜூனில் எஃப்.ஏ.டி.எஃப் என்கிற சர்வதேச நிதிக் கண்காணிப்பு அமைப்பு பாகிஸ்தானை கிரே லிஸ்டில், அதாவது பயங்கரவாதிகளுக்குப் போகிற பணத்தைச் சரியாகத் தடுக்காத நாடுகளின் கண்காணிப்புப் பட்டியலில் போட்டது. உலகக் கடனுக்குக் கையேந்தி நிற்கிற நாட்டுக்கு அது கழுத்தில் விழுந்த துண்டு. அத்தனை வருஷம் பெரும்பாலும் சுதந்திரமாகக் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த லஷ்கர்-இ-தொய்பா தலைவர் ஹஃபீஸ் சயீதுக்கு 2020 பிப்ரவரியில் அவர்கள் நீதிமன்றமே சிறைத் தண்டனை கொடுத்தது. மும்பைத் தாக்குதலுக்குத் திட்டம் போட்டவர் என்று தேடப்பட்ட, செத்துப்போய்விட்டதாகச் சொல்லப்பட்ட சாஜித் மீர் 2022ல் உயிரோடு எழுந்து வந்து தண்டனை வாங்கிக்கொண்டார்! அந்த வருஷம் அக்டோபரில் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். நாமும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டோம் என்பது என் ஆதங்கம்.

கணக்கை மூடினால் என்ன ஆகும் என்று செட்டிநாட்டுக்காரனுக்கு விளக்க வேண்டுமா? 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான், உயிர் பிழைத்தால் போதுமென்று ஊர் வந்து சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் பலர் திரும்பப் போகவில்லையா? நிலத்தையும் பிறகு வங்கிகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகுதான் கடையை நடத்திய மேலாளும் அவருக்கு உதவியான அடுத்தாளும் பேரேட்டைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். நம் ஆட்களுக்கு நடந்தது அநியாயம், அது வேறு. எது ஆளை நிறுத்தியது என்பதைத்தான் சொல்கிறேன்.

"நாமும் அங்கே ஆளைப் பிடித்துப் பணம் கொடுத்துக் குண்டு வைக்கணும்" என்று போன பதிவில் ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, 80களில் இலங்கைப் போராளிகளுக்கு முகாம் நடந்தது இதே தமிழ்நாட்டில். 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள்.

மும்பைக்குப் பிறகு உள்துறைக்குப் போனவர் நம்ம கண்டனூர்க்காரர். சிதம்பரத்தைப் பிடிக்கிறதோ இல்லையோ, ஒரே மாதத்தில் தேசியப் புலனாய்வு முகமையை உண்டாக்கிய என்.ஐ.ஏ சட்டம் வந்தது. 2009 ஜனவரியில் ஆதாரக் கோப்பைப் பாகிஸ்தானிடம் கொடுத்தபோது "பேப்பர் கொடுத்தால் பயப்படுவானா" என்று கேலி பேசினோம், நானும்தான் பேசினேன். பிப்ரவரியில் சதியின் ஒரு பகுதி தங்கள் மண்ணில் நடந்ததை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்கட்டும், அதற்கு ராணுவம் இருக்கிறது. மற்ற நாளெல்லாம் வேலை செய்ய வேண்டியவர்கள் வக்கீல்கள், வங்கி அதிகாரிகள், தூதரகத்து ஆட்கள். அவர்கள் வேலைக்குப் பட்டாசு வெடிக்க முடியாது, அதனால் அரசியல்வாதிக்கு அதில் லாபமில்லை.

மும்பைத் தாக்குதல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட தஹாவூர் ராணாவை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து சேர்த்தது 2025 ஏப்ரல் 10. பன்னிரண்டே நாளில் பஹல்காம், அந்தச் செய்தி அமுங்கிப்போனது. நம்ம எம்.பி எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, சபையில் எழுந்து இதைக் கேட்கட்டும்: ராணா வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, பஹல்காம் கொலைகாரர்களுக்குப் பணம் எந்த வழியாக வந்தது?