முந்தித் தந்த பெருமை யாருக்கு?

யாழ்ப்பாணத்தில் கே.கே.எஸ் வீதியிலோ ஏ9 நெடுஞ்சாலையிலோ ஒரு விபத்து நடந்தால், அம்புலன்ஸ் வருவதற்கு முன்பே பேஸ்புக் செய்திப் பக்கங்களில் படம் வந்துவிடுகிறது. கவிழ்ந்து கிடக்கும் மோட்டார் சைக்கிள், பக்கத்தில் ஒற்றைச் செருப்பு, மறைக்காத நம்பர் பிளேட். மூலையில் மட்டும் தங்கள் இலச்சினையைப் பெரிதாகப் போட மறக்கமாட்டார்கள், 'முதலில் தந்தது நாங்கள்' என்று. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி அதைப் பார்த்துவிட்டு கோண்டாவிலில் இருக்கும் அக்காவுக்கு எடுக்கிறார்: "அக்கா, பெடியன்ட சைக்கிள் நம்பர் என்ன?" ஒரு தாய்க்குச் செய்தி போய்ச் சேரும் வழியா இது?

முந்துவதற்கு ஒரு காலத்தில் உண்மையாகவே பெறுமதி இருந்தது. 1850 இல் ஜேர்மனியின் ஆகனுக்கும் பெல்ஜியத்தின் பிரசல்சுக்கும் இடையில் தந்திக் கம்பி இல்லாத தூரத்துக்கு, பின்னர் ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தைத் தொடங்கிய ரொய்ட்டர் புறா விட்டார். பங்கு விலை ரயிலை விட முந்தி வந்தது, அதற்குக் காசு கொடுக்க ஆள் இருந்தது. சந்தைக்காரருக்கு இன்றும் அப்படித்தான். அமெரிக்காவில் நுகர்வோர் மனநிலைச் சுட்டெண்ணை (பொருளாதாரத்தைப் பற்றிச் சனம் என்ன நினைக்கிறது என்று அளக்கும் எண்) இரண்டு செக்கன் முந்திப் பார்ப்பதற்கென்றே காசு கட்டினார்கள், 2013 இல் அதை நிறுத்தும் வரை. சரி, எனக்கும் உங்களுக்கும் அந்த இரண்டு செக்கனால் என்ன லாபம்?

சண்டைக் காலத்தில் எங்கள் சனம் இரவில் பிபிசி தமிழோசையில் செய்தியைக் கேட்டுவிட்டு, காலையில் அதே செய்திக்காகப் பேப்பரும் வாங்கியது. 2006 இல் யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதையான ஏ9 பூட்டி, அச்சடிக்கத் தாள் இல்லாமல் பக்கங்கள் சுருங்கியபோதும் ஒரு பேப்பர் நாலு வீடு மாறியது. பேப்பர் பிந்தித்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த இடம், யார், எத்தனை பேர் என்று சரியாக இருக்கும் என்றுதான் வாங்கினார்கள்.

முந்துவதே வீண் என்று நான் சொல்லவரவில்லை. பணக்காரரும் அரசியல்வாதிகளும் வெளிநாட்டு நிறுவனங்களின் பெயரில் மறைத்த சொத்துகளைக் காட்டிய, கசிந்த பனாமா ஆவணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஊடகங்கள் ஏறத்தாழ ஒரு வருடம் வாயைத் திறக்காமல் சேர்ந்து வேலை செய்து, 2016 ஏப்ரலில் ஒன்றாக வெளியிட்டன. ஒருவரும் மற்றவரை முந்தவில்லை. ஆனாலும் உலகத்துக்கு அதை முதலில் தந்தது அவர்கள்தான், அவர்கள் தோண்டியிராவிட்டால் அது வெளியே வந்திருக்காது. விபத்துப் படம் அப்படியில்லை. நீங்கள் போடாவிட்டால் பத்து நிமிடத்தில் இன்னொருவர் போடுவார், அதே எழுத்துப்பிழையோடு.

முதல் மணித்தியாலத்தில் பத்துப் பக்கங்கள் ஓடுகின்றன, மூன்றாம் நாள் ஒருவரையும் காணோம். அந்தச் சந்தியில் வீதி விளக்கு எரிந்ததா, மரண விசாரணையில் என்ன சொன்னார்கள், வழக்கு எத்தனையாம் தவணைக்குப் போனது? கேட்க ஆளில்லை. அதற்கு நீதிமன்ற வாசலில் காத்து நிற்கவேண்டும், லைக்கும் விழாது.

நான் பின்தொடர்ந்த 'சுடச்சுட' பக்கங்களை எல்லாம் விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். எப்போதும் அரை நாள் பிந்தித்தான் போடுவார்கள், ஆனால் வழக்குத் தவணைக்குத் திரும்பவும் போய் எழுதுகிறார்கள். பெயரை இங்கே சொன்னால் விளம்பரமாகிவிடும், வேண்டுமானால் இன்பொக்ஸில் கேளுங்கள்.