கடையில் சால்மன் நிறைய இருப்பதால் ஆற்றில் குறையவில்லை என்பது உண்மையா?

“பேரங்காடியில் நார்வே சால்மன் குவிந்து கிடக்கிறது, அந்த இனம் குறைகிறது என்பது பொய்” என்ற வாட்ஸ்அப் செய்தி சிங்கப்பூரில் சுற்றுகிறது. அது தவறு.

கடைக்கு வரும் நார்வே சால்மன் கடல் கூண்டுகளில் வளர்ந்தது. ஆற்றில் பிறக்கும் இயற்கை அட்லாண்டிக் சால்மன் 2006 முதல் 2020 வரை 23 விழுக்காடு குறைந்தது. 2023 டிசம்பரில், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களை மதிப்பிடும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயூசிஎன்) செம்பட்டியல் அதை ‘அச்சுறு நிலையை அண்மித்த இனம்’ என்று வகைப்படுத்தியது. செம்பட்டியல் இணையத்தளத்தில் அதன் அறிவியல் பெயரான ‘சால்மோ சாலார்’ (Salmo salar) என்று தேடிப் பாருங்கள்.

பண்ணை பெருகினால் ஆற்று மீன் பிழைத்துவிடாது. கூண்டிலிருந்து தப்பும் மீன் இயற்கை மீனோடு இனம் கலந்தால், குஞ்சுகளின் பிழைக்கும் திறன் குறைகிறது. கூண்டுகளில் பெருகும் கடல்பேன் என்ற ஒட்டுண்ணி, கடலுக்கு இறங்கும் இளம் மீன்களைப் பிடித்துக்கொள்கிறது. ஆற்றிலேயே வேறோர் ஆபத்தும் உண்டு: முட்டை புதைந்த சரளைக்கல்லில் வண்டல் படிந்தாலோ, கல்லிடுக்கில் நீரோட்டம் அடைபட்டு முட்டைகள் உயிர்வளி இன்றிச் சாகின்றன.

தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.