675 மடங்கு பெட்டி மேல்தான்

மேலே ஒருவர் "70 மி.மீ. டெலஸ்கோப், 675 மடங்கு, திருவொற்றியூர் மொட்டை மாடியிலேயே ஆண்ட்ரோமெடா கேலக்ஸி கலர் கலராத் தெரியும்" என்று போட்டிருக்கிறார். இதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

கணக்கில் தப்பில்லை. டெலஸ்கோப்பின் 900 மி.மீ. குவியத்தூரத்தை 4 மி.மீ. ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வகுத்து, 3 மடங்கு பார்லோவால் (பெரிதாக்கலைக் கூட்டும் துணை லென்ஸ்) பெருக்கினால் 675 வரும். ஆனால் முன் லென்ஸின் மி.மீ. விட்டத்தைப் போல இரு மடங்கு, அதாவது 140ஐத் தாண்டினால் புது விவரம் எதுவும் கிடைக்காது, மங்கல்தான் பெரிதாகும். அந்த ஒல்லி ஸ்டாண்டைத் தொட்டாலே படம் ஆடும்.

ஆண்ட்ரோமெடாவுக்குப் பெரிதாக்கலே எதிரி. அதன் நீளம் சுமார் 3 டிகிரி, ஆறு முழுநிலாவை வரிசையாக வைத்த அளவு. 25 மி.மீ. ஐபீஸில் 36 மடங்கு, அதிலேயே 1.4 டிகிரிதான் அடங்கும். துறைமுக விளக்குகள் வானத்தை வெளுக்க வைப்பதால் நடுப்பகுதி மட்டும் சாம்பல் திட்டாகத் தெரியும். கலர்? மங்கல் ஒளியில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. போட்டோவில் இருப்பது நீண்ட எக்ஸ்போஷர்களைச் சேர்த்து எடுத்த கலர்.

பார்க்க நினைப்பவர்கள் மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியில், நிலா இல்லாத நாளாகப் பார்த்து, இரவு 7 மணி வாக்கில் வடக்கே திரும்புங்கள். தலை உச்சியிலிருந்து 28 டிகிரி கீழே ஆண்ட்ரோமெடா இருக்கும். கடற்காற்றில் முன் லென்ஸ் பனிக்கும். கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டி 10 செ.மீ. முன்னால் நீட்டி மாட்டுங்கள். உப்புப் படிந்த லென்ஸைத் துணியால் தேய்த்தால் கீறல்தான்.

வியாழனின் பட்டைகளுக்கு 10 மி.மீ. ஐபீஸ், 90 மடங்கு தாராளம். பார்லோ பெட்டியிலேயே கிடக்கட்டும்.